தோட்டம், சிறை, தற்கொலை: ஊவாவிலிருந்து சில வரலாற்றுக் குறிப்புகள்

"சிறைச்சாலையில் கைதி தற்கொலை" என்ற தலைப்பில் நமது பத்திரிகைகளில் வெளிவரும் செய்திகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒற்றைப் பத்தியில் ஆறு ஏழு வரிகள். கைதியின் வயது, ஊர், எந்தக் குற்றச்சாட்டின் பேரில் அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டிருந்தார் என்பது, சடலம் எந்த வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டது என்பது. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்." அந்த மேலதிக விசாரணையில் என்ன தெரியவந்தது என்று மறுநாளோ மறுவாரமோ எவரும் எழுதுவதில்லை. பல்லாண்டு காலம் செய்தி அறைகளில் இருந்தவன் என்ற வகையில் சொல்கிறேன், இதற்கு இடப்பற்றாக்குறை காரணமன்று. யாரிடம் எதைக் கேட்பது என்பது நிருபருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. "மனவிரக்தி" என்ற ஒரு சொல் கைவசம் இருக்கும்போது மேற்கொண்டு கேட்பானேன் என்ற எண்ணமும் உண்டு.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பவற்றைச் சற்று விரித்துப் பார்க்கவே இக்கட்டுரை. அதற்குப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இருக்கிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று நீளும் அந்த மலைத்தொடர்களில் சிறை என்பது குற்றவாளிகள் மாத்திரம் போகும் இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. தோட்டத்தைவிட்டு ஓடியவன் சிறைக்குப் போயிருக்கிறான். சாக முயன்று பிழைத்தவன் சிறைவாசத்துக்குரிய குற்றவாளி என்று சட்டம் சொல்லியிருக்கிறது. "எங்களை எப்போது விடுவீர்கள்?" என்று தடுப்பு முகாமில் கேட்ட இளைஞர்கள் மறுநாள் காலையில் பிணமாகியிருக்கிறார்கள். இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கைதியின் மனம் எதனால் உடைகிறது என்பது ஓரளவு விளங்கும்.

முதலில் ஓடியவனின் கதை.

கோப்பிக் காலத்தில் ஊவா, மத்திய மாகாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1886ஆம் ஆண்டிலேயே அது தனி மாகாணமாயிற்று. கோப்பி அழிந்து தேயிலை ஓங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. தலைமன்னாரும் தனுஷ்கோடியும் ரயிலாலும் கப்பலாலும் இணையும் முன்னர், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னால் புறப்பட்ட சனங்கள் காட்டுப்பாதையில் நடந்தே மலையேறினர். பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குக் கண்டியை அடைந்தபின்னரும் நெடுவழி எஞ்சியிருந்தது. பதுளைக்கு ரயில் வந்ததே 1924ஆம் ஆண்டில்தான். இந்தத் தூரம் முக்கியமானது. திரும்பிப் போகும் வழி தெரியாத, தெரிந்தாலும் போகமுடியாத இடத்தில் ஒரு மனிதனைக் கொண்டுபோய் நிறுத்துவதே பாதிச் சிறை.

மீதிப் பாதியைச் சட்டம் செய்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், வேலைக்காரன் ஒருவன் உரிய முன்னறிவித்தலின்றி வேலையைவிட்டு நீங்குவதைக் குற்றவியல் குற்றமாக்கிற்று. கூலிக்கும் முதலாளிக்கும் இடையிலான ஒப்பந்தம் முறிந்தால் அது குடியியல் நீதிமன்றத்தில் தீரவேண்டிய வழக்கு என்பதே பொது நியாயம். தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அந்த நியாயம் இல்லை. தோட்டத்தைவிட்டு ஓடியவனுக்கு மூன்று மாதம் வரை, கடூழியத்துடனோ கடூழியமின்றியோ, சிறைத்தண்டனை விதிக்கலாம். வரவேண்டிய சம்பளத்தையும் இழப்பான். சிறையிலிருந்து வெளியே வந்தபின் கடன் கழிந்துவிடுமா என்றால் அதுவுமில்லை. கங்காணியிடம் பட்ட கடன் அப்படியே நிற்கும்.

இந்தக் கடன்தான் ஒப்பந்தக்கூலி முறையிலிருந்து இலங்கையின் கங்காணி முறையை வேறுபடுத்துவது. பிஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்களுக்கு ஐந்தாண்டு என்று ஒரு கெடு இருந்தது. அந்த ஐந்தாண்டு நரகமாக இருந்தாலும் அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. இலங்கைக்கு வந்தவனுக்குக் கெடுவே இல்லை, ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் போகலாம் என்று ஏட்டில் இருந்தது. ஆனால் வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று பெரிய கங்காணியின் கணக்கில் ஏறிய தொகை தீரும்வரை அவன் கையில் "துண்டு" கிடைக்காது. துண்டு என்பது, இவனுடைய கடன் இவ்வளவு, இதனைச் செலுத்தும் தோட்டத்துக்கு இவனை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டில்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. ஏற்றுக்கொண்டாலும் கடன் அவனோடு கூடவே போகும். ஆக, ஆள் கைமாறுகிறான், கடன் மாறுவதில்லை. எழுத்தறியாத ஒரு மனிதன், தன் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதையே அறியாமல், அது என்று தீரும் என்பதையும் அறியாமல் உழைத்தான். முடிவு தெரியாத இந்த நிலைக்குப் பின்னர் திரும்பி வருவேன்.

சேர். பொன்னம்பலம் அருணாசலம் இந்தச் சட்டத்துக்கு எதிராக நடத்திய போராட்டம் நம்மவர் மத்தியில் உரிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1919ஆம் ஆண்டில் அவர் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று, தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளை நீக்கவேண்டும் என்பதே. இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்துகொள்ள, 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனையொட்டிச் சிறைத்தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஓடிப்போவது என்ற ஒரே செயலுக்காக மனிதர்கள் சிறைக்குப் போயிருந்தனர். லயத்திலிருந்து சிறைக்குப் போய்த் திரும்பவும் லயத்துக்கே வந்தனர்.

பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் துர்கைம் 1897ஆம் ஆண்டில் தற்கொலை பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. தற்கொலைகளை வகைப்படுத்திக்கொண்டு வந்தவர், அளவுக்கு மீறிய கட்டுப்பாட்டினால், எதிர்காலம் முற்றாக அடைக்கப்பட்டமையினால் நிகழும் ஒருவகைத் தற்கொலையும் உண்டு என்றும், அடிமைகளின் தற்கொலை அவ்வகையைச் சேர்ந்தது என்றும் சொல்லிவிட்டு, சமகாலத்தில் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை என்று கடந்துபோய்விடுகிறார். பிரான்ஸிலிருந்து பார்த்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். அவர் எழுதிய அதே காலத்தில் பிஜியின் கரும்புத் தோட்டங்களில் இந்தியக் கூலிகளிடையே தற்கொலைகள் பெருகிக்கொண்டிருந்தன. தீனபந்து சி. எப். ஆண்ட்ரூஸ் 1915ஆம் ஆண்டில் பிஜிக்குச் சென்று திரும்பி வெளியிட்ட அறிக்கை இந்தியாவை உலுக்கியமைக்கு அத்தற்கொலைகளும் ஒரு காரணம். ஒப்பந்தக்கூலி முறைக்கு முடிவுகட்டிய கிளர்ச்சியில் அந்த அறிக்கைக்குப் பெரும்பங்கு உண்டு. துர்கைம் அடிக்குறிப்பில் ஒதுக்கியது, நம்மவர்களின் வரலாற்றிலே தலைப்புச் செய்தி.

இனி, சாக முயன்றவனின் கதை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்வதை ஓராண்டு வரை வெறுஞ்சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. இப்பிரிவு 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, மருந்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கண்விழித்தவனின் கட்டிலருகே வைத்தியருக்கு அடுத்தபடியாக வந்து நின்றவர் பொலிஸ்காரர். இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே. "தண்ணீர் என்று நினைத்துத் தவறுதலாகக் குடித்துவிட்டேன்" என்பது வாக்குமூலமாயிற்று. உறவினரும் அதையே சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் வழக்கு, சொல்லாவிட்டால் சிகிச்சை வெறும் வயிற்றைக் கழுவுவதோடு முடிந்தது. மனதைக் கேட்க எவருக்கும் வழியில்லாமற்போயிற்று. இந்தியாவில் இதே காலனித்துவச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இன்னும் நீண்டகாலம் உயிரோடிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் கூர்மையை மழுக்கியது. 2024 ஜூலையில் புதிய நியாய சங்கிதை நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மறைந்தது.

இலங்கை 1998இல் விழித்துக்கொண்டதற்குக் காரணம் கருணை மாத்திரமன்று. புள்ளிவிவரம் பயங்கரமாக இருந்தது. 1950ஆம் ஆண்டில் இலட்சம் பேருக்கு ஏழுக்கும் குறைவாக இருந்த தற்கொலை வீதம், 1995ஆம் ஆண்டில் 47 ஆகியிருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. 1997ஆம் ஆண்டில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க இதற்கென ஒரு குழுவை நியமித்தார். சட்டத் திருத்தம் அதன் வழியாக வந்தது. அதற்குச் சமாந்தரமாக வேறொன்றும் நடந்தது. நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. பரத்தியன் வகை நஞ்சுகள் 1984இல், மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த பூச்சிகொல்லிகள் 1995இல், என்டோசல்பான் 1998இல், தேயிலைத் தோட்டங்களில் புல் அழிக்கப் பயன்பட்ட பரகுவாட் உள்ளிட்ட மூன்று 2008 முதல் 2011 வரை. இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் இவ்வாறு காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

இதில் கவனிக்கவேண்டியது யாதெனில், அந்த இருபதாண்டுகளில் லயங்கள் மாளிகைகளாகிவிடவில்லை. வறுமை ஒழியவில்லை. போரும் அதன் பெரும்பகுதி நடந்துகொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் சாவு குறைந்தது. சாகவேண்டும் என்ற எண்ணம் மனிதனிடம் நிலையாகக் குடியிருப்பதில்லை, அது ஓர் அலையைப் போல எழுந்து அடங்குவது, அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் உயிர்கொல்லும் பொருள் இல்லாவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர் என்பதற்கு உலகம் இன்று காட்டும் முதல் உதாரணம் இலங்கையே. "சாகத் துணிந்தவனை யார் தடுக்கமுடியும்?" என்று சிறை அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கை அவர்கள் முன் வைக்கலாம். சிறையைப்போல, ஒருவன் கையில் எது இருக்கலாம் எது இருக்கக்கூடாது என்பதை இருபத்துநான்கு மணிநேரமும் தீர்மானிக்கும் அதிகாரமுள்ள இடம் வேறு எது?

இருந்தும் சிறையிலே தற்கொலை வீதம் வெளியுலகைவிட அதிகம். செல்வந்த நாடுகள் 24இன் தரவுகளை ஒப்பிட்டு 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஆண் கைதிகளிடையே அது பொதுமக்களைவிட மூன்று மடங்கு அல்லது அதற்கும் மேல் என்றும், பெண் கைதிகளிடையே இடைவெளி இன்னும் பெரிது என்றும் கண்டது. இந்தியச் சிறைகளில் நிகழும் இயற்கைக்கு மாறான மரணங்களிலும் மிகப் பெரும் பங்கு தற்கொலையே. குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவர்களைவிட விளக்கமறியலில் இருப்பவர்களிடையே ஆபத்து கூடுதல் என்பதும், சிறைக்குள் நுழைந்த முதல் சில நாட்களே மிகக் கொடியவை என்பதும் நாடுகள்தோறும் திரும்பத் திரும்ப உறுதிப்பட்ட உண்மைகள். தனி அறையில் அடைக்கப்படுதல், பார்க்க வருவாரின்மை, முன்பே ஒருமுறை தற்கொலைக்கு முயன்றமை, கவனிக்கப்படாத மனநோய், வழக்குத் தவணை நெருங்குதல் ஆகியவையும் அவ்வாறே.

இவற்றை ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சம்பள நாளன்று சண்டை. ஒருவன் கைதாகிறான். பொலிஸ் நிலையத்தில் எழுதப்படும் வாக்குமூலம் சிங்களத்தில். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1999ஆம் ஆண்டில் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவும் பிரகடனம் செய்யப்பட்டன. வர்த்தமானியில் வந்தது காவல் நிலைய மேசைக்கு வந்துசேர நெடுங்காலம் எடுக்கிறது. தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் அவன் ஒப்பமிடுகிறான். நீதவான் முன் நிறுத்தப்படுகிறான். அங்கே என்ன பேசப்பட்டது என்பது அவனுக்குப் பாதி விளங்குகிறது. பதினான்கு நாள் விளக்கமறியல்.

அன்றாடம் குடித்துப் பழகியவனாயின், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், உறக்கம் போகும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், காதில் குரல் கேட்கும். இது திடீரென மது நின்றமையால் வரும் நோய், மருந்து கொடுத்தால் அடங்கக்கூடியது. அறியாதவர்கள் இதனை நடிப்பு என்பார்கள், பேய் என்பார்கள், தனியே அடைத்துவிடுவார்கள். மிக ஆபத்தான மூன்று நாட்களில் மிக ஆபத்தான இடத்தில், அதாவது தனிமையில், ஒருவனைக் கொண்டுபோய் வைப்பது இவ்வாறே நடக்கிறது.

வெளியே மனைவிக்கு ஒருநாள் பேர் போனால் ஒருநாள் சம்பளம் போயிற்று. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பதுளைக்கு இறங்கிவந்து சிறை வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் முழுநாளும் போய்விடும், பஸ் காசு வேறு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் தேடவேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை என்பது இருவாரத்துக்கு ஒருமுறையாகி, தவணை நாளில் நீதிமன்ற வளவில் தூரத்தில் நின்று பார்ப்பதோடு முடிகிறது. அவளுக்கு நேரமில்லை என்பதை அவன் அறிவான். ஆனால் இரவு பூட்டியபின் மனம் வேறுவிதமாகவே கணக்குப் போடும். வீட்டில் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம், நான் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பாரம் குறையும் என்ற எண்ணமாக முற்றுகிறது. தற்கொலை பற்றி ஆராய்ந்தவர்கள் இந்த இரண்டாவது எண்ணத்தை மிகுந்த அச்சத்தோடு குறிப்பிடுகின்றனர்.

மானம் பற்றியும் சொல்லவேண்டும். தோட்டத்தில் எவருடைய வீட்டு விஷயமும் எவருக்கும் மறைவில்லை. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் இருப்பது ஒற்றைச் சுவர். "ஜெயிலுக்குப் போனவன்" என்ற பட்டம் பிரட்டுக்களத்திலும் கோயில் திருவிழாவிலும் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சிலும் கூடவரும். கொலைகாரனுக்கு மட்டுமன்று, கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்ட இயலாமல் உள்ளே போனவனுக்கும் அதே பட்டம். இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுப் போவோரில் பெருந்தொகையினர் தண்டப்பணம் செலுத்த இயலாதவர்களே என்பதைப் பலர் அறியார். 1865ஆம் ஆண்டில் கடன்பட்டவன் சிறைக்குப் போனான். இன்றும் கையில் காசில்லாதவன் போகிறான். கொள்ளளவைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டோரை அடைத்து வைத்திருக்கும் சிறைகளின் நெரிசலைக் குறைக்க, சிறைக்கு வரவே தேவையில்லாத இவர்களை வெளியில் வைப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கதை பிந்துனுவெவ. பண்டாரவளை நகருக்கு மிக அருகில் உள்ள ஊர். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட அல்லது சரணடைந்த தமிழ் இளைஞர்களுக்கான புனர்வாழ்வு முகாம் அங்கே இயங்கியது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அதில் 41 பேர் இருந்தனர். கடும் பாதுகாப்புச் சிறையன்று. ஊராருடன் ஓரளவு பழக்கமும் இருந்த இடம். அக்டோபர் 24ஆம் தேதி மாலை அந்த இளைஞர்கள் முகாம் பொறுப்பதிகாரியிடம் முறையிட்டனர். விடுதலை தாமதமாவது பற்றியும், கடிதங்கள் ஒழுங்காகக் கைக்கு வராதது பற்றியுமே அம்முறைப்பாடு. வாக்குவாதம் முற்றியது, பொலிஸார் அழைக்கப்பட்டனர். மறுநாள் காலை சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கத்தியும் பொல்லுமாகத் திரண்டு வந்தனர். ஏறத்தாழ 60 பொலிஸார் ஆயுதங்களோடு அங்கே நின்றிருந்தனர். 27 பேர் கொல்லப்பட்டனர். 14 பேர் காயங்களுடன் தப்பினர்.

ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 41 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜூலையில் இரு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐந்து பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் எஞ்சியிருந்தவர்களையும் விடுவித்தது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதற்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. பிந்துனுவெவையும் அதே கணக்கில் சேர்ந்தது.

கொலையைப் பற்றி ஏன் தற்கொலைக் கட்டுரையில் எழுதுகிறேன் என்று வாசகர் கேட்கலாம். அந்த இளைஞர்கள் சாக விரும்பவில்லை. வெளியே போக விரும்பினார்கள். அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளும், என்றைக்கு விடுவீர்கள் என்பதும் வீட்டிலிருந்து வந்த கடிதம் எங்கே என்பதும், உலகெங்கும் தடுப்புக்காவலில் இருப்போரின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு கயிறுகள். தேதி ஒன்று, உறவு ஒன்று. இவை இரண்டும் அறுந்தவர்களே தற்கொலை ஏடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றனர். தன் கேள்விக்குப் பதில் வராது என்று தெரிந்துகொண்ட கைதி ஒன்று கூட்டாகச் சத்தம்போடுவான், அல்லது தனியே மௌனமாவான். சத்தம்போடுபவனை ஒழுங்கு குலைப்பவன் என்று சிறை நிர்வாகம் குறித்துக்கொள்ளும். மௌனமானவனை நல்ல கைதி என்று குறித்துக்கொள்ளும். பிந்தியவனைப் பற்றித்தான் அதிகம் பயப்படவேண்டும்.

முடிவு தெரியாமை என்ற கொடுமையைச் சட்டமே வடிவமைத்துக் கொடுத்தது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில். மூன்று மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை குற்றப்பத்திரிகையின்றி ஒருவரைத் தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 12 மாதமாக்கியது. வழக்குத் தாக்கலானபின் ஆண்டுக்கணக்கில் விளக்கமறியல் நீண்டது. மலையகத்திலிருந்து கைதான இளைஞர்களின் நிலை இன்னும் ஒருபடி மோசம். வடக்கிலும் கிழக்கிலும் கைதானவருக்காகக் குரலெழுப்பும் அமைப்புகளின் கண்ணில் இவர்கள் படுவது குறைவு. தோட்டத் தொழிற்சங்கங்களுக்கோ சம்பளப் பேச்சுவார்த்தையே தலைபோகிற காரியம். பத்தாண்டு இருபதாண்டுத் தண்டனை பெற்றவன்கூட நாட்காட்டியில் நாளைக் கிழித்துக் கிழித்து ஒருவகை அமைதிக்கு வந்துவிடுகிறான். அடுத்த தவணையில் தெரியும், அடுத்த தவணையில் தெரியும் என்று இருப்பவனுக்குக் கிழிக்க நாட்காட்டியே இல்லை. துண்டுக்குக் காத்திருந்த கூலியின் நிலை இதுதான்.

கடல்கடந்து போனவர்களையும் இது விடவில்லை. 2011 அக்டோபரில் சிட்னியின் வில்லவூட் தடுப்பு நிலையத்தில் இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவர் தீபாவளி நாளையொட்டித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் அகதி என்பதை அவுஸ்திரேலிய அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது. பாதுகாப்புச் சோதனை முடிவுக்காக மட்டுமே அவர் காத்திருந்தார். பண்டிகையை வெளியே நண்பர்களோடு கழிக்க அவர் கேட்ட அனுமதியும் கிடைக்கவில்லை. அங்கும் அதே இரண்டு கயிறுகள். 2021 ஆகஸ்டில் திருச்சி மத்திய சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமில் இலங்கைத் தமிழர் பலர் ஒரே நேரத்தில் தற்கொலைக்கு முயன்றனர். தங்களை விடுவிக்கவேண்டும் என்று கோரிப் போராடிவந்தவர்கள் அவர்கள். சிறையென்றால் தண்டனைக்காலம் என்று ஒன்று இருக்கும். முகாம் என்று பெயர்வைத்தால் அதுவும் இல்லை.

இதற்கெல்லாம் செய்யக்கூடியது என்ன? கோட்பாடு பேசுவதைவிட நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் சுவான்சி சிறையில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அதன்பின் 1991ஆம் ஆண்டில் அதே சிறையில் சமாரிட்டன்ஸ் அமைப்பினர் கைதிகளுக்கே பயிற்சியளித்து, மற்றக் கைதிகளின் மனக்குறையை இரவும் பகலும் காதுகொடுத்துக் கேட்பவர்களாக அவர்களை ஆக்கினர். கேட்டதை அதிகாரிகளிடம் சொல்லமாட்டார்கள் என்பது அத்திட்டத்தின் அடிப்படை நியதி. பிரித்தானியச் சிறைகளெங்கும் அது பரவியது. இலங்கையில் 1974ஆம் ஆண்டு முதல் இயங்கும் சுமித்ரயோ, சென்னையில் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கும் சிநேகா ஆகியவையும் காதுகொடுத்துக் கேட்பது என்ற அதே நெறியில் நிற்பவை. மனம் தளர்ந்தவர்கள் பேசுவதற்கு இலங்கையில் 1926 என்ற இலக்கமும் இந்தியாவில் 14416 என்ற இலக்கமும் இருக்கின்றன. கைதிக்கு அந்தத் தொலைபேசி எட்டாது என்பதே இங்குள்ள சிக்கல்.

ஊவாவைப் பொறுத்தவரை இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் சிறைத் தற்கொலைத் தடுப்புப் பற்றி வெளியிட்ட கைந்நூல், கைதி உள்ளே வந்த உடனேயே சில கேள்விகளைக் கேட்டாகவேண்டும் என்கிறது. முன்பு உயிரை மாய்க்க முயன்றதுண்டா, இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா, மது அல்லது போதைப்பழக்கம் உண்டா, அண்மையில் நெருங்கியவர் எவரையேனும் இழந்தாயா, இவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனிடம் இக்கேள்விகளைச் சிங்களத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே பதில் வரும். அந்தப் பதிலைப் படிவத்தில் பதிந்துகொண்டு அவனை உள்ளே அனுப்பிவிடலாம். பதுளையிலும் பண்டாரவளையிலும் தமிழ் பேசத் தெரிந்த ஓர் அதிகாரி, பகல் கடமையில் மாத்திரமன்றி, கைதிகளை ஏற்றிவரும் வண்டி நீதிமன்றத்திலிருந்து வந்து சேரும் அந்த மாலை வேளையிலும் வாசலில் இருக்கவேண்டும் என்பது பெரிய சீர்திருத்தமன்று. அதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, ஆணைக்குழுவும் தேவையில்லை. கடமைப் பட்டியலில் ஒரு பெயரை மாற்றி எழுதினால் போதும்.